தொட்ட இடத்தில் நிற்காத ஸ்ட்ரைக்கர்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனைக் கேரம் மன்றத்தில் என் போனை ஒரு சிறுமியிடம் நீட்டினேன். பதினொரு வயது. அடிக்கும்போது முழங்கை அசையாது, தோள் அசையாது, விரல் மட்டும் அசையும். அந்த வயதில் அப்படி உட்காருகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனம் நிறைந்துவிடும். திரையில் இருந்தது நான் எழுதிய கேரம் விளையாட்டு வலைப்பக்கம். ஸ்ட்ரைக்கரை வைத்து அடிக்கும் இடமான அடிக்கோட்டில் அவள் விரலை வைத்தாள். ஸ்ட்ரைக்கர் விரலின் அடியில் நிற்காமல் கீழே இறங்கி, சட்டத்தை உரசிக்கொண்டு நின்றது. விரலை எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே இடம்.

"அக்கா, நான் வைத்தது இங்கே. அது நிற்பது அங்கே" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் போர்டுக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களைவிடத் துல்லியமான பிழை அறிக்கையை என் பத்து வருட வேலையில் நான் பார்த்ததில்லை.

இந்தப் பக்கத்தை எதற்காக எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். வடசென்னையில் கேரம் என்பது மழைநாள் பொழுதுபோக்கு அல்ல. 1996இல் அர்ஜுனா விருது பெற்ற மரியா இருதயம் இந்த நகரத்துக்காரர். 2008இல் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிப் பெண். 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைக்காரர். எங்கள் மன்றத்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தப் பெயர்கள் தெரியும். ஆனால் மன்றத்தில் இருப்பது ஐந்து போர்டுகள்தான். முப்பது பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். போர்டை விரித்துப் போட இடமுள்ள வீடு எங்கள் தெருவில் குறைவு. விரல் பழக்கத்தைப் போனில் கற்றுத்தர முடியாது. கோணத்தைக் கற்றுத்தரலாம். எந்தக் காயை எந்தப் பக்கம் தொட்டால் எந்தப் பாக்கெட்டுக்குப் போகும், சட்டத்தில் மோதித் திரும்பினால் எங்கே வரும் என்பதைப் பிள்ளைகள் வீட்டில் பத்து நிமிடம் போட்டுப் பார்த்தால் போர்டில் கிடைக்கும் நேரம் வீணாகாது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. விரல் வைத்த இடத்தில் ஸ்ட்ரைக்கர் நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் கோணம் பொய்யாகிவிடும். பொய்யான கோணத்தில் பழகிய பிள்ளை நிஜ போர்டில் தோற்கும்.

அன்று இரவு உட்கார்ந்தேன்.

தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஆயத்தொலைவுகள் என்ற சொல் நினைவிருக்கும். கட்டம் போட்ட தாளில் எக்ஸ் அச்சு, ஒய் அச்சு, இரண்டும் வெட்டும் ஆதிப்புள்ளி. எங்கள் கணக்கு ஆசிரியை எந்தப் புள்ளியைக் குறிக்கச் சொன்னாலும், "முதலில் ஆதிப்புள்ளியில் விரலை வை" என்பார். திரையிலும் அதே கணக்குதான், ஆனால் இரண்டு மாற்றங்கள். முதலாவது, ஒய் மேலே ஏறாது, கீழே இறங்கும். இரண்டாவதுதான் வினை: ஆதிப்புள்ளி ஒன்றல்ல.

விரல் ஒன்று திரையைத் தொட்டால் உலாவி அந்தத் தொடுதலுக்கு மூன்று ஜோடி எண்களைத் தருகிறது. கிளையன்ட் எக்ஸ், கிளையன்ட் ஒய் என்பவை இப்போது கண்ணுக்குத் தெரியும் பகுதியின் இடது மேல் மூலையிலிருந்து அளந்தவை. பேஜ் எக்ஸ், பேஜ் ஒய் என்பவை பக்கம் தொடங்கும் மூலையிலிருந்து அளந்தவை. பக்கத்தை மேலே தள்ளியிருந்தால் தள்ளிய தூரமும் இவற்றில் சேர்ந்திருக்கும். ஸ்கிரீன் எக்ஸ், ஸ்கிரீன் ஒய் என்பவை திரையின் மூலையிலிருந்து. ஒரே விரல், ஒரே இடம், மூன்று விடைகள். மெட்ரோவில் "இரண்டாவது நிலையத்தில் இறங்கு" என்று ஒருவர் சொன்னால் எங்கே ஏறினாய் என்றுதானே கேட்போம்? வண்ணாரப்பேட்டையில் வடக்கு நோக்கி ஏறியவருக்கு இரண்டாவது நிலையம் தண்டையார்பேட்டை. தண்டையார்பேட்டையில் ஏறியவருக்கு அது டோல்கேட்.

என் பிழை அங்கேதான் இருந்தது. விரலின் இடத்தைப் பேஜ் ஒய் கொண்டு எடுத்திருந்தேன். போர்டின் இடத்தை கெட் பவுண்டிங் கிளையன்ட் ரெக்ட் என்ற கட்டளை கொண்டு எடுத்திருந்தேன். அந்தக் கட்டளை தரும் எண் கண்ணுக்குத் தெரியும் பகுதியின் மூலையிலிருந்து அளந்தது. ஒன்று பக்கத்தின் மூலையிலிருந்து, மற்றொன்று காட்சியின் மூலையிலிருந்து. இரண்டும் தனித்தனியே சரி. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் தவறு. என் லேப்டாப்பில் பக்கம் முழுவதும் திரைக்குள் அடங்கிவிடுவதால் இரண்டு மூலைகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தன, பிழை வெளியே வரவே இல்லை. போனில் போர்டுக்கு மேலே தலைப்பும் விதிகளும் இருந்தன. அந்தச் சிறுமி போர்டு முழுதாகத் தெரியட்டும் என்று பக்கத்தைக் கொஞ்சம் மேலே தள்ளினாள். தள்ளிய அளவுக்கு ஸ்ட்ரைக்கர் கீழே இறங்கியது.

எண்களோடு சொன்னால்தான் இது விளங்கும். என் போனில் பக்கத்தின் அகலம் 360 பிக்சல். இரு ஓரமும் 16 விட்டு, போர்டு 328 பிக்சல் அகலத்தில் தெரிகிறது. ஆனால் போர்டை வரைகிற கேன்வாஸ் என்ற வரைபரப்பின் உள் அளவை நான் 740 என்று வைத்திருக்கிறேன். நிஜக் கேரம் போர்டின் ஆடுபரப்பு 74 சென்டிமீட்டர் என்பதால், ஓர் அலகு ஒரு மில்லிமீட்டர். இப்படி வைத்தால் விதிப்புத்தக அளவுகளை அப்படியே எழுதலாம்: பாக்கெட்டின் விட்டம் 44.5, ஸ்ட்ரைக்கரின் விட்டம் அதிகபட்சம் 41.3. ஆக, விரல் தொட்ட இடத்தைக் கழித்தெடுத்த பிறகு 740ஐ 328ஆல் வகுத்து வரும் ஏறத்தாழ 2.256ஆல் பெருக்க வேண்டும்.

விரல் பட்ட இடம், காட்சியின் மூலையிலிருந்து 196, 426. போர்டின் மூலை 16, 150. கழித்தால் 180, 276. பெருக்கினால் 406, 623. அதாவது போர்டின் நடுவிலிருந்து 36 மில்லிமீட்டர் வலப்புறம், அடிக்கோட்டின் இரண்டு கோடுகளுக்கு நடுவே. சரியான இடம். இப்போது பேஜ் ஒய் எடுத்துப் பாருங்கள். பக்கம் 42 பிக்சல் தள்ளியிருந்தால் 426 என்பது 468 ஆகிவிடும். 150 போனால் 318. பெருக்கினால் 717. ஸ்ட்ரைக்கரின் ஆரம் இருபது மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 717உடன் கூட்டினால் 738க்கு வரும். 740இல் சட்டம். சிறுமி பார்த்தது இதைத்தான்: சட்டத்தை உரசிக்கொண்டு நின்ற ஸ்ட்ரைக்கர். கணக்கு அவள் கண்ணோடு அச்சாகப் பொருந்தியபோது மணி ஒன்றரை. தெருவே தூங்கிவிட்டது, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் மட்டும் உறுமிக்கொண்டிருந்தன. எனக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை.

இந்தத் தேடலில் ஒரு கட்டத்தில் போன் பொய் சொல்கிறதோ என்று சந்தேகம் வந்தது. ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் பாயின்ட்டர் லொக்கேஷன் என்று ஒரு வசதி உண்டு. அதைத் திறந்துவிட்டால் விரல் படும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு விழும், திரையின் உச்சியில் எண் ஓடும். என் ஸ்கிரிப்ட் 196 என்று சொன்ன அதே தொடுதலுக்கு அது 392 என்றது. சரியாக இரண்டு மடங்கு. போன் பொய் சொல்லவில்லை. அது எண்ணுவது திரையில் நிஜமாகப் பதிந்திருக்கும் புள்ளிகளை. உலாவி எண்ணுவது வடிவமைப்புக்கான பிக்சல்களை. என் போனில் ஒரு வடிவமைப்பு பிக்சலுக்குப் பக்கவாட்டில் இரண்டு நிஜப் புள்ளிகள். டிவைஸ் பிக்சல் ரேஷியோ என்பது அந்த விகிதம்தான். தொடுதலின் எண்ணை இந்த விகிதத்தால் பெருக்கச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால், கேன்வாஸின் உள் அளவை அந்த விகிதத்தில்தான் வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். உள் அளவைத் திரையில் தெரியும் அளவால் வகுத்து வருகிற எண் எந்தப் போனிலும் சரியாக இருக்கும்.

இன்னொன்று. போர்டின் மூலையைப் பக்கம் திறக்கும்போது ஒரே முறை அளந்து வைத்துக்கொள்ளாதீர்கள். பக்கம் நகர்ந்தால், போனைத் திருப்பினால், அந்த எண் பழசாகிவிடும். ஒவ்வொரு முறை விரல் படும்போதும் புதிதாக அளப்பதுதான் முறை.

நிற்கும் இடம் சரியானது. அடி விழவில்லை.

என் பக்கத்தில் ஸ்ட்ரைக்கரைப் பின்னால் இழுத்துவிட்டால் அது முன்னால் பாயும். இழுத்த தூரம்தான் வேகம். லேப்டாப்பில் எலியை, அதாவது மவுஸை, வைத்து இழுத்தால் பாய்ந்தது. போனில் விரலை எடுத்ததும் அப்படியே உறைந்து நின்றது. காரணம் தெரிந்தபோது, தொடுதலை வடிவமைத்தவர்கள் எவ்வளவு நுட்பமாக யோசித்திருக்கிறார்கள் என்று மதிப்பு வந்தது. எலி ஒன்றுதான், விரல் பத்து. ஆகவே தொடுதல் நிகழ்வு, அதாவது விரல் படும்போது உலாவி ஸ்கிரிப்டுக்கு அனுப்பும் செய்தி, விரலின் இடத்தை நேரடியாகத் தராமல் பட்டியல்களாகத் தருகிறது. டச்சஸ் என்பது இந்த நொடியில் திரையில் படிந்திருக்கும் எல்லா விரல்களின் பட்டியல். டார்கெட் டச்சஸ் என்பது அவற்றுள் இந்த உறுப்பின் மேல் தொடங்கியவை மட்டும். சேஞ்ச்டு டச்சஸ் என்பது இந்த நிகழ்வை உண்டாக்கிய விரல்கள். விரலை எடுக்கும் நொடியில், டச் எண்ட் நிகழும்போது, அந்த விரல் திரையில் இல்லை. ஆகவே டச்சஸ் பட்டியலிலும் இல்லை. நான் அந்தக் காலிப் பட்டியலின் முதல் விரலைக் கேட்டேன். இல்லாத விரலுக்கு ஏது இடம்? ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிட்டது. எடுத்த விரல் கடைசியாக எங்கே இருந்தது என்பது சேஞ்ச்டு டச்சஸில் இருக்கிறது. கேரமில் முழு ஆட்டமும் விரல் பிரியும் அந்த நொடியில்தான் இருக்கிறது. அந்த நொடியைத் தவறான பட்டியலில் தேடினால் ஆட்டமே இல்லை.

அடுத்ததைக் கண்டுபிடித்தது என் அம்மா. இடது கையில் போனைப் பிடித்தார். கட்டைவிரல் போர்டின் ஓரத்தில் லேசாகப் படிந்திருந்தது. வலது கை விரலால் ஸ்ட்ரைக்கரைத் தொட்டதும் அது குதித்து இடது கட்டைவிரலுக்கு ஓடியது. பட்டியலில் முதலில் இருந்தது கட்டைவிரல், நான் எப்போதும் முதலாவதையே படித்துக்கொண்டிருந்தேன். லேப்டாப்பில் போன் போலக் காட்டிச் சோதிக்கும்போது இருப்பது ஒரே விரல், ஆகவே இது அங்கே ஒருநாளும் தெரிந்திருக்காது. ஒவ்வொரு தொடுதலுக்கும் ஐடென்டிஃபையர் என்று ஓர் எண் உண்டு. அந்த விரல் எடுக்கப்படும் வரை அது மாறாது. ஸ்ட்ரைக்கரைப் பிடித்த விரலின் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு வரும் பட்டியலில் அந்த எண்ணை மட்டும் தேட வேண்டும். மற்ற விரல்கள் எங்கே இருந்தாலும் நமக்குக் கவலையில்லை.

இழுக்கும்போது பக்கமும் சேர்ந்து நகர்ந்தது, சில வேளை தொடுதலை உலாவி பாதியில் ரத்துசெய்தது என்று சொல்லும் டச் கேன்சல் வந்து ஆட்டம் அறுந்தது. இங்கே விரல் இழுத்தால் பக்கத்தை நகர்த்தாதே என்று உலாவிக்குச் சொல்ல, போர்டுக்கு ஸ்டைலில் டச் ஆக்ஷன் நன் என்று ஒரு வரி எழுதியதும் நின்றுவிட்டது. ஆவணம் முழுவதற்கும் டச் மூவை, அதாவது விரல் நகரும் நிகழ்வை, கேட்டுத் தடுக்கும் பழைய வழி 2017இல் வந்த குரோம் 56 முதல் தானாக வேலை செய்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு அப்பாவிடம் கொடுத்தேன்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். விரல் நுனி காய்த்துப்போய் அகலமாக இருக்கும். அந்த விரலால் அவர் சிவப்புக் காயைப் போட்டு, அதை உறுதிசெய்யும் ஃபாலோ காயையும் போடுவதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். போனைப் பாயில் வைத்தார். சம்மணமிட்டு உட்கார்ந்தார். நடுவிரலைக் கட்டைவிரலில் மடக்கி, திரையிலுள்ள ஸ்ட்ரைக்கரைச் சுண்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை. திரையில் டக்கென்று நகம் பட்ட ஓசை மட்டும் கேட்டது.

போன் திரை அழுத்தத்தை உணர்வதில்லை. தோல் அருகே வரும்போது மாறும் மின்னூட்டத்தை உணர்கிறது. நகம் மின்சாரத்தைக் கடத்தாது. கேரம்காரர்களின் அடி நகத்தில் இருக்கிறது, திரைக்குத் தெரிவதோ சதை. பின்னால் இழுக்கச் சொல்லிக் காட்டினேன். செய்து பார்த்துவிட்டு, "இது கவண் அடிப்பது போல இருக்கிறது, கேரம் இல்லை" என்றார். அவர் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டேன். பக்கத்தின் தலைப்பில் கேரம் என்று இருந்ததைக் கோணப் பயிற்சி என்று மாற்றிவிட்டேன்.

அவர் இன்னொரு குறையும் சொன்னார். "விரலை வைத்தால் ஸ்ட்ரைக்கர் தெரியவில்லை." கணக்குப் போட்டுப் பார்த்தேன். 41 மில்லிமீட்டர் ஸ்ட்ரைக்கர் என் போனில் வெறும் 18 பிக்சல். அப்பாவின் விரல் அதைப்போல மூன்று மடங்கு அகலம். உலாவி நமக்குத் தருவது ஒரு புள்ளி. ஆனால் விரல் புள்ளியல்ல, ஒரு பரப்பு. ரேடியஸ் எக்ஸ், ரேடியஸ் ஒய் என்று அந்தப் பரப்பின் அளவும் தொடுதலோடு வருகிறது. ஆனால் எல்லாப் போனும் அதை நம்பும்படி தருவதில்லை. ஆகவே வேறு வழி தேடினேன். போர்டின் கீழே, சட்டத்துக்கு வெளியே, ஒரு வெற்றுப் பட்டை வைத்தேன். விரல் அங்கே ஓடும். ஸ்ட்ரைக்கர் மேலே அடிக்கோட்டில் ஓடும். எக்ஸ் மட்டும் விரலிலிருந்து. ஒய்யை விதிப்புத்தகம் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. விரல் பட்டதும் ஸ்ட்ரைக்கர் அதன் அடிக்குக் குதித்து வராமல், தொடும்போது இரண்டுக்கும் இடையே இருந்த தூரத்தைக் குறித்துக்கொண்டு அதே தூரத்தைக் கடைசிவரை காக்கும்படி செய்தேன். இந்தக் கடைசி மாற்றம் ஆறு வரிதான். பிள்ளைகளின் கைக்கு அது தந்த நிதானம் மிகப் பெரிது.

இப்போது எழுதத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தொடுதல் நிகழ்வுகளை விட்டுவிட்டு பாயின்ட்டர் நிகழ்வுகளில் தொடங்குங்கள். 2015இல் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதைப் பரிந்துரைத்தது. 2019இல் ஆப்பிளின் உலாவியான சஃபாரியும் ஏற்றுக்கொண்டது. எலி, விரல், பேனா மூன்றுக்கும் ஒரே நிகழ்வு. விரலுக்கு ஒரு நிகழ்வாக வருவதால் பட்டியல் சிக்கல் இல்லை, கிளையன்ட் எக்ஸ் நேரடியாகக் கிடைக்கிறது, விரல் எடுக்கும்போதும் கிடைக்கிறது. நானும் பக்கத்தை அப்படியே மாற்றி எழுதிவிட்டேன். ஆனால் ஆதிப்புள்ளி எது, பெருக்கும் விகிதம் எது என்ற இரண்டு கேள்விகளும் அங்கேயும் அப்படியே இருக்கின்றன.

போன ஞாயிறு மறுபடி மன்றத்துக்குப் போனேன். அதே சிறுமி. பட்டையில் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினாள். நிறுத்தினாள். பின்னால் இழுத்துவிட்டாள். ஸ்ட்ரைக்கர் எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி, அடிக்கோட்டருகே இருந்த கறுப்புக் காயை இடப்புறப் பாக்கெட்டில் தள்ளியது. அவள் என்னைப் பார்க்கவில்லை. போனை என்னிடம் தந்துவிட்டு நேராகப் போர்டுக்குப் போய், அதே காயை அதே இடத்தில் வைத்து, அதே அடியை அடித்தாள். இரண்டாவது முயற்சியில் விழுந்தது.

திரும்பி வந்து, "இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே போனில் ஆட முடியுமா அக்கா?" என்று கேட்டாள். நேற்று இரவு அதைத் தொடங்கினேன். எதிர்ப்பக்கம் இருப்பவரின் எண்களை 740இலிருந்து கழிக்க வேண்டும், இரண்டு விரல்களையும் தனித்தனி எண்ணில் பின்தொடர வேண்டும். சோதனைக்கு அந்தப் பக்கம் தான் உட்காருவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.